நம்ம டென்பின் பவுலிங் (கிரிக்கெட் இல்ல, கனமான பாலை உருட்டிப் பத்துப் பின்னைச் சாய்க்கற ஆட்டம்) கோச்சிடம் பார்த்தது: மனசை விட்டுப் போகாத ஒரு விஷயம் சொல்லுங்க

ஓசூர்_லேன்:
அவரை இங்க எல்லாருக்கும் தெரியும். தேசியப் போட்டியெல்லாம் ஆடி முடிச்சுட்டு, இப்போ ஞாயித்துக்கிழமை காலையில ஓசூர், கிருஷ்ணகிரிப் பசங்களை அத்திப்பள்ளி தாண்டிக் கூட்டிட்டுப் போய்ப் பழக்கறவர். அன்னைக்கு ஒரு வலதுகைப் பையனுக்கு ஒவ்வொரு பாலும் இடது பக்கமா இழுத்துட்டுப் போச்சு. கை திரும்புது, தோள் திரும்புதுன்னு ஆளுக்கொண்ணு சொன்னாங்க. கோச் பையனோட கட்டைவிரலைப் பால்ல இருக்கற ஓட்டையில விடச் சொல்லி, லேசா ஆட்டிப் பார்த்தார். பையிலிருந்து வழவழப்பான டேப்ல ஒரு துண்டு எடுத்து, நகம் படற பக்கம், விளிம்புலிருந்து ஒரு நெல் நீளம் உள்ள தள்ளி, நகத்தால தேய்ச்சு ஒட்டினார். அடுத்த பால் இழுக்கவே இல்ல.

ஏசி குளிர்ல விரல் சுருங்கும், ஓட்டை லூசாயிடும். பால் நழுவிடுமோன்னு கை தானா இறுக்கும். இறுக்கினா கட்டைவிரல் லேட்டாத்தான் வெளிய வரும், அதுக்குள்ள கை உடம்புக்குக் குறுக்க வந்திடும். மூணாவது கேம்ல விரல் வீங்கும், அப்போ அதே துண்டை உரிச்சு எடுக்கணும். ஒட்ட எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு, எடுக்கத்தான் மறந்துடறாங்க.

பென்னாகரம்_சுழல்:
ஓசூர் அண்ணா, டேப்பை மருந்து மாதிரி சொல்லாதீங்க. பாதிப் பேருக்கு ஸ்பானே (கட்டைவிரல் ஓட்டைக்கும் மத்த விரல் ஓட்டைக்கும் நடுவுல இருக்கற தூரம்) தப்பு. அதே கோச் ஒரு பொண்ணுகிட்ட ரேக்ல இருந்து பாலை எடுத்துக் கொடுத்து, விரலை விட்டதும் உள்ளங்கைக்கும் பாலுக்கும் நடுவுல ஒரு பென்சிலைச் சொருகிப் பார்த்தார். பென்சில் லேசா உரசிட்டு நுழையணும். நுழையவே இல்லன்னா ஸ்பான் நீளம், கை இழுபட்டு நிக்குது. தொளதொளன்னு ஆடினா ஸ்பான் குட்டை, விரல் மடங்கிப் பிடிக்க ஆரம்பிச்சிடும். அதுக்கு மேல எத்தனை டேப் ஒட்டினாலும் கொப்புளம்தான் மிச்சம்.

காவேரிப்பட்டணம்_2கை:
ஆஸ்திரேலிய பவுலர் ஜேசன் பெல்மாண்டே கட்டைவிரலை ஓட்டையில விடறதே இல்ல, ரெண்டு கையால வீசறார். 15 மேஜர் (பெரிய போட்டி) பட்டம்! அப்போ உங்க டேப், பென்சில் எல்லாம் எதுக்கு?

பென்னாகரம்_சுழல்:
தம்பி, அவர் சின்னக் குழந்தையா இருந்தப்போ பாலைத் தூக்க முடியாம ரெண்டு கையால தொடங்கினவர். அதுல முதுகு பக்கவாட்டுல நல்லாச் சாயணும். ஆடற பையனோட முதுகைப் பார்க்காம அதைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

தர்மபுரி_ஸ்பேர்:
ரெண்டு பேரும் ஸ்ட்ரைக்கையே (முதல் பால்லயே பத்தும் விழறது) பேசறீங்க. கோச் ஒரு நாள் எல்லார் பாலையும் பைக்குள்ள வைக்கச் சொல்லிட்டு, பிளாஸ்டிக் பாலை மட்டும் கொடுத்து, ஒரு மணி நேரம் வலது மூலை 10-ஆம் பின்னையே அடிக்க வெச்சார். மத்த ஒம்பது பின் விழுந்தா கணக்குல சேர்க்கல. அவ்வளவுதான் நான் பார்த்தது.

ஏன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கேமுக்குப் பத்து ஃபிரேம், ஃபிரேமுக்கு ரெண்டு பால். பத்து ஃபிரேமும் முதல் பால்ல 9 விழுந்து, மிச்சம் ஒண்ணை விட்டுட்டா மொத்தம் 90. ரெண்டாவது பால்ல அந்த ஒண்ணை எடுத்தா அது ஸ்பேர், அடுத்த பால்ல விழறதும் போனஸா சேரும். அப்படி ஒவ்வொரு தடவையும் எடுத்து, கடைசி போனஸ் பால்லயும் 9 விழுந்தா 190. ஒரு ஸ்ட்ரைக் கூட இல்லாம நூறு பாயின்ட் வித்தியாசம். அதுல பெரும்பாலும் மிஞ்சறது வலதுகைக்காரருக்கு இந்த 10-ஆம் பின்தான்.

பிளாஸ்டிக் ஏன்னா, அது லேனை (பால் ஓடற பலகைத் தளம்) பிடிக்காது, நேராப் போகும். ஹவுஸ் பேட்டர்ன்ல (சென்டர்ல வழக்கமா லேனுக்கு ஆயில் பூசற முறை) ஆயில் சுமார் 40 அடிக்குத்தான், அதுக்கப்புறம் காய்ஞ்ச பலகை. ஸ்ட்ரைக் பால் அங்கதான் கடிச்சு இடது பக்கம் வளையும், மூலைப் பின்னைத் தொடாமலே போயிடும். அப்ரோச்ல (ஓடி வந்து பாலை விடற இடம்) இடது பக்கம் நின்னு, லேன்ல போட்டிருக்கற நடு அம்புக்குறி மேல குறுக்கா அனுப்புங்க. தோள் 10-ஆம் பின்னைப் பார்க்கணும், லேனுக்கு நேரா இல்ல. பலர் தப்பு பண்றது இங்கதான், கால் மட்டும் நகரும், தோள் பழைய இடத்துலயே இருக்கும். பாலை விடற கோட்டுலிருந்து அம்புக்குறி 15 அடியில, முதல் பின் 60 அடியில. அம்புகிட்ட ஒரு பலகை தப்பினா பின்கிட்ட நாலு பலகை தப்பும்.

வேகத்தைக் குறைக்காதீங்க. மெதுவாப் போட்டா பிளாஸ்டிக்கும் கடைசியில கொஞ்சம் திரும்பும்.

லேன் இல்லாத நாள்ல வீட்டுல பித்தளைத் தேய்ப்புப் பெட்டியைக் கரி போடாம, மூடிப் பூட்டு சரியா இருக்கான்னு பார்த்துட்டு, பால் வீசற மாதிரி தொங்கவிட்டு ஆட்டச் சொல்லுவார் கோச். பெட்டி மூக்கு பக்கவாட்டுல திரும்பினா மணிக்கட்டு திரும்புதுன்னு அப்பவே தெரிஞ்சிடும். பக்கத்துல பசங்க இல்லாம பார்த்துக்கோங்க.

ஓசூர்_லேன்:
பென்னாகரம், ஸ்பான் முதல்ல, டேப் ரெண்டாவதுன்னு நீங்க சொன்னது சரி. அந்தப் பையனுக்கு ஸ்பான் ஏற்கனவே அளந்து ஓட்டை போட்ட பால், அதை எழுத விட்டுட்டேன். டேப் உரிச்சப்புறம் பசை ஓட்டையில நின்னா கத்தியால சுரண்டாதீங்க, விளிம்பு கெட்டுடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில நனைச்சுத் துடைச்சா போயிடும். ஓட்டை நல்லாக் காய்ஞ்சப்புறம்தான் புதுத் துண்டு ஒட்டணும்.