பயந்தாங்கொள்ளி ஹீரோவுக்குப் பேய்கள் தேவை

நண்பர்களே, ஒரு உதவி. சிறுவர் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹீரோவுக்கு 12 வயது. ராத்திரி கொல்லைப்பக்கம் போகவே பாட்டியை எழுப்புகிற ரகம். அவனைத்தான் பேய்க்காட்டுக்குள் தள்ளிவிட்டிருக்கிறேன், பாவம். இரும்புக்குப் பேய் அஞ்சும் என்று பாட்டியின் பாக்குவெட்டியை டவுசர் பையில் வைத்திருக்கிறான். அதன் கனத்தில் டவுசர் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

சிக்கல் பேய்களில்தான். யோசித்தால் டிராகுலாவும் ஜாம்பியும்தான் வந்து நிற்கின்றன. கலிங்கத்துப்பரணியைப் புரட்டினேன். முடப்பேய், ஊமைப்பேய், கூன்பேய் என்று ஒரு பட்டாளமே போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பந்தி வைக்கிறது! அந்தச் சமையல் கூட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். சதுப்பில் திடீரென்று எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு.

இன்னும் நாலைந்து வேண்டும். மோகினி வேண்டாம், சினிமாவில் பார்த்துச் சலித்துவிட்டது. குறளி, முனி பற்றி உங்கள் ஊரில் பெரியவர்கள் சொன்னது என்ன? எங்கே இருக்கும், என்ன கேட்கும், எதைக் கண்டால் ஓடும்? ஊர்ப்பக்கம் எது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக, சண்டை போடாமல் ஏமாற்றித் தப்பித்த கதை இருந்தால் கட்டாயம் வேண்டும். இவன் நிச்சயம் சண்டை போட மாட்டான்.