பல் தேவதைக்கு 50 ரூபாயா, கூரைக்குச் சாண உருண்டையா?

மூணாவது மாடி:
மகளுக்கு ஆறு வயது. நேற்று முன்பல் விழுந்தது. யூடியூபில் பார்த்துவிட்டு, பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தால் ராத்திரி தேவதை வந்து காசு வைக்கும் என்று காத்திருக்கிறாள். கணவர் 50 ரூபாய் நோட்டோடு தயார். மாமியாரோ, சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறியாவிட்டால் புதுப்பல் ஒழுங்காக முளைக்காது என்கிறார். அடுக்குமாடியில் கூரைக்கும் சாணத்துக்கும் எங்கே போவது? உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

குறுக்குக்கேள்வி:
இரண்டும் வேண்டாம். கீழே புதுப்பல் வளர வளரப் பால்பல்லின் வேர் கரைந்துபோகிறது, பிடிமானம் இல்லாமல் ஆடி விழுகிறது. இதைவிட மாயம் என்ன வேண்டும், இதையே சொல்லலாமே. நாளைக்கு வகுப்பில் யாராவது "அது உங்கப்பாதான்" என்று போட்டு உடைத்தால் அசடு வழிவது உங்கள் மகள்தான், நீங்கள் இல்லை.

பாட்டிபேரன்:
அப்படியானால் நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று சொல்லிச் சோறு ஊட்டியவர்கள் எல்லாரும் பொய்யர்களா? 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3 இறங்கியதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பையன் கேட்டான், "அந்த வண்டி பாட்டியைப் பார்க்குமா?" அது தென் துருவத்துப் பக்கம் இறங்கியிருக்கிறது, பாட்டி கடை வேறு ஏரியா என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். பாட்டி இல்லை என்று அவனுக்கும் தெரியும், ஆனாலும் பேச்சை விட மனசில்லை, எனக்கும்தான்.

குறுக்குக்கேள்வி:
நான் சொல்வதும் அதுதானே. நீங்கள் சொன்னது கதை. நோட்டு வைப்பது சாட்சியம் ஜோடிப்பது. ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் அரக்கனின் உயிர் இருக்கிறது என்று என் பாட்டியும் சொன்னார், ஆனால் ஒரு கிளியைக் கூண்டில் கொண்டுவந்து "இதோ பார், அதே கிளி" என்று காட்டவில்லை.

பாட்டிபேரன்:
ஜோடிப்பு நம் ஊரில் இல்லாததா? சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான் என்று சொல்லிவிட்டு என் சித்தப்பாவே கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்று உறுமுவார். பல மாதம் இருட்டினால் கொல்லைப்பக்கம் போகமாட்டேன். பயமுறுத்த ஜோடிக்கலாம், சந்தோஷப்படுத்த ஜோடித்தால் தப்பா?

குறுக்குக்கேள்வி:
சரி, அந்த இடத்தில் ஒத்துக்கொள்கிறேன். பூச்சாண்டி இதைவிட மோசம். அதற்காக நோட்டு சரியாகிவிடாது.

உம்கொட்டி:
தேவதை வெள்ளைக்காரச் சரக்கு என்று யாராவது தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினில் தேவதை கிடையாது, பல்லை எடுத்துப்போவது பெரெஸ் என்கிற எலி. பல் விழுந்த எட்டு வயது ராஜா பதின்மூன்றாம் அல்போன்சோவுக்காக 1894-இல் லூயிஸ் கொலோமா என்ற பாதிரியார் எழுதிய கதை அது. அந்த எலி குடியிருந்ததாக மாட்ரிட்டில் அரேனல் தெரு 8ஆம் எண் கட்டடத்தில் பலகையே வைத்திருக்கிறார்கள். பிரான்சிலும் எலிதான். அதனால் எந்த ஊர் மாயம் என்பது எனக்குப் பிரச்சினை இல்லை.

என் குறை வேறு. எங்கள் வீட்டில் கதை கேட்கிறவர் 'உம்' கொட்டவேண்டும். கொட்டாவிட்டால் பாட்டி அப்படியே நிறுத்திவிடுவார், ராஜகுமாரன் கிணற்றுக்குள் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி. உம் தேய்ந்தால் பிள்ளை தூங்கிவிட்டது என்று அர்த்தம். யூடியூபுக்கு உம் வேண்டாம். உங்கள் கணவரும் அவள் தூங்கின பிறகு நோட்டை வைத்துவிட்டு வந்துவிடுவார், அதில் கதை எங்கே இருக்கிறது, வெறும் டெலிவரிதானே? முதலில் பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் நோட்டோ சாணமோ பார்த்துக்கொள்ளலாம்.

மூணாவது மாடி:
எல்லாருக்கும் நன்றி. மாமியார் சாணத்துக்குப் பதில் சப்பாத்தி மாவில் பல்லை உருட்டினார். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் எறிந்தாயிற்று. மாடிப்படி ஏறும்போதே ஒரு அணில் கதை சொன்னார், அது எந்த ஊர்க் கதையோ, அந்த நிமிஷமே கட்டியதோ. இவள் ஒவ்வொரு படிக்கும் உம் கொட்டினாள். கணவரும் விடவில்லை, ராத்திரி நோட்டை வைத்துவிட்டார்.

குறுக்குக்கேள்வி:
வேண்டாம் என்றேனே!

மூணாவது மாடி:
அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்ததை அரைக்கண்ணால் பார்த்துவிட்டாளாம். காலையில் என்னிடம் மட்டும் சொன்னாள், அப்பாவிடம் சொல்லக்கூடாதாம். பக்கத்துப் பல்லும் ஆடுகிறது.