சர்ஃப்போர்டில் ‘நெய்தல்’ என்று எழுத வேண்டும்: பழைய போர்டுகளில் எழுத்து எப்படிக் கண்ணாடிக்குள் போனது?

ஜீலாங் கடலோரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்து கொடுக்கிறேன். இப்போதெல்லாம் வினைலை வெட்டி ஒட்டுவதுதான் வேலை. தூரிகை பிடித்து எழுதும் வாய்ப்பு வருடத்துக்கு நாலைந்து வந்தால் அதிகம்.

போன மாதம் பக்கத்துக் கடலோர ஊரான டோர்க்கியில் ஒரு வீட்டில் பழைய சாமான்களை விற்றார்கள். மகளுக்காக அங்கே ஒரு சர்ஃப்போர்டு (அலையில் சறுக்கும் பலகை) வாங்கினேன், 80 டாலர். ஏழு அடி நீளம், அடியில் ஒரே ஃபின் (மீன் துடுப்பு போன்றது). ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும், இப்போது தேன் நிறம். முனைப் பக்கம் ஒரு லோகோ. எழுத்துகள் காற்றடைத்தது போல உப்பி, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. நடுவில் அடிபட்டுச் சில்லு பெயர்ந்துவிட்டதால் முதல் இரண்டு எழுத்துதான் முழுசாக இருக்கிறது.

எனக்குப் புரியாதது இதுதான். நகத்தால் தடவினால் எழுத்தின் ஓரம் எங்கேயும் தட்டவில்லை. ஸ்டிக்கரும் இல்லை, மேலே அடித்த பெயின்டும் இல்லை. சாய்த்துப் பிடித்தால் எழுத்து போர்டின் கண்ணாடி போன்ற மேலுறைக்கு அடியில் கிடப்பது தெரிகிறது. அதை எப்படி உள்ளே வைத்தார்கள்?

சில்லு போன இடத்தைச் சரிசெய்யும்போது, போர்டில் ‘நெய்தல்’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும் என்கிறாள் மகள். எந்த எழுத்துரு சரியாக வரும்?

மதிய அலை:

போஸ்கா பெயின்ட் பேனா வாங்கிக் கையாலேயே எழுதிவிடுங்கள். இங்கே நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். மேலே தெளிவான ஸ்ப்ரே ஒரு கோட் அடித்தால் ஒரு சீசன் தாங்கும்.

ரெசின் கை:

பேனா வழி சுலபம்தான். ஆனால் அவர் கேட்பது உள்ளே இருக்கும் எழுத்து, அது வேறு வேலை. நான் சிட்னி புரூக்வேலில் 11 வருடமாக கிளாஸிங் (போர்டுக்கு ஃபைபர் கிளாஸ் உறை போடும் வேலை) செய்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் பார்ப்பது ரைஸ் பேப்பர். பெயரில்தான் அரிசி, உண்மையில் மெல்லிய நார்த் தாள். அதில் லோகோவை ஸ்கிரீன் பிரின்ட் செய்வார்கள். போர்டின் உள்ளுடலாகச் செதுக்கிய ஃபோமின் மேல் தாளை வைத்து, அதற்கு மேல் ஃபைபர் கிளாஸ் துணியை விரித்து, ரெசினை (இறுகிக் கெட்டியாகும் பிசினை) ஊற்றி இழுப்பார்கள். எண்ணெய் பட்ட காகிதம் பின்னால் இருப்பதைக் காட்டுகிறதல்லவா, அதே சங்கதிதான். நார்களுக்கு நடுவே இருக்கும் காற்றுதான் தாளை வெள்ளையாகக் காட்டுகிறது. அந்த இடத்தில் ரெசின் புகுந்ததும் தாள் கண்ணுக்கு மறைந்து, மை மட்டும் நிற்கும்.

இதில் அவசரப்பட்டால் போச்சு. என் முதல் வருடத்தில், வேறொரு பட்டறையில், தாளுக்கு அடியில் ரெசின் தடவாமல் மேலே மட்டும் ஊற்றிவிட்டேன். லோகோவின் நடுவே கட்டைவிரல் அளவுக்கு வெள்ளைத் திட்டு நின்றுவிட்டது. ரெசின் இறுகிய பிறகு அதை எடுக்க வழியே கிடையாது. போர்டுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர் அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கும் நான் தாளுக்குக் கீழே ஒரு முறை, மேலே ஒரு முறை பிரஷ்ஷால் தடவாமல் துணியை விரிப்பதில்லை.

அடுத்து எழுத்துரு. கம்ப்யூட்டரில் இருப்பதைத் தேட வேண்டாம். அந்தக் காலத்து லோகோக்களில் பலவற்றைக் கையால்தான் வரைந்தார்கள். உங்கள் போர்டில் எழுத்துகள் உப்பியிருப்பதும் யாரோ ஒருவரின் கை ஓடிய விதம்தான். எங்கள் பக்கம் டெர்ரி ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘ஹாட் பட்டர்ட்’ போர்டுகளுக்கு 1970களில் மார்ட்டின் வொர்திங்டன் ஏர்பிரஷ்ஷில் ஓவியமே தீட்டினார். எழுத்து, படம், போர்டின் வளைவு மூன்றையும் அவற்றில் பிரித்துப் பார்க்க முடியாது. நீங்களோ தூரிகை பிடித்தவர். நீங்களே வரையுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும்: போர்டின் அடிப்பக்கம், ஸ்ட்ரிங்கரை ஒட்டி (நடுவில் நீளமாக ஓடும் மரக்கீற்று) பென்சிலில் ஏதாவது எழுதியிருக்கிறதா? பாருங்கள்.

டைப் பித்தன், மெல்பர்ன்:

டோர்க்கியில் வாங்கினேன் என்றதும் சும்மா இருக்க முடியவில்லை. சர்ஃபிங் சாமான் கம்பெனியான ரிப் கர்ல் 1969இல் தொடங்கியது அந்த ஊரில்தான். அதற்கு முந்தைய வருடம் டக் வார்பிரிக் தன் போர்டு ஒன்றில் ‘ரிப் கர்ல் ஹாட் டாக்’ என்று எழுதி வைத்திருந்தார். அவரும் பிரையன் சிங்கரும் கம்பெனி ஆரம்பித்தபோது அதிலிருந்து பெயர் வந்தது. முதலில் போர்டில் எழுத்து, பிறகுதான் கம்பெனி! இன்னொரு சர்ஃபிங் கம்பெனியான குவிக்சில்வரும் அதே வருடம், அதே ஊர். அவர்களுடைய லோகோவில் உள்ள மலையும் அலையும் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் ‘கனகாவா பேரலை’ மரச்செதுக்கு அச்சிலிருந்து எடுத்தவை.

ஆனால் என்னைக் கேட்டால் ஆஸ்திரேலிய போர்டு லோகோக்களில் முதல் இடம் மார்க் ரிச்சர்ட்ஸுக்குத்தான். நியூகாசில்காரர், 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலக சாம்பியன். சூப்பர்மேன் கேடயத்தின் வடிவத்தில் எம், ஆர் என்று இரண்டே எழுத்து. கேடயத்தின் மூலைக்கு ஏற்றபடி எழுத்தும் வளைந்து கொடுக்கும். போர்டு திரும்பும் அரை நொடியில் கரையில் நிற்பவர் பெயரைப் படிக்க முடியாது, வடிவத்தைத்தான் பிடிக்க முடியும். அதனால்தான் அந்த லோகோ இத்தனை வருடம் நிற்கிறது.

டோர்க்கியில் தேசிய சர்ஃபிங் அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள், எழுத்தைப் பார்ப்பதற்காகவே.

ஜீலாங் கடலோரம்:

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்க வரைந்துகொண்டே இருந்தேன். ‘நெய்தல்’ என்று இருபது தடவை எழுதிய பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. ந வாலைக் கீழே விடுகிறது, ய் புள்ளியை மேலே வைக்கிறது. த மறுபடி கீழே வால், ல் மறுபடி மேலே புள்ளி. கீழே, மேலே, கீழே, மேலே. அந்தச் சொல்லே அலையாடுகிறது! இத்தனை வருடம் தமிழ் எழுதியும் இதைக் கவனித்ததில்லை. வால்களைக் கொஞ்சம் நீட்டி, புள்ளிகளைப் பெரிய வட்டமாக்கி ஒரு வடிவம் கொண்டுவந்திருக்கிறேன்.

பென்சில் எழுத்து இருக்கிறது, அண்ணா! பின்பக்கம், மரக்கீற்றை ஒட்டி. ‘7-0’ தெளிவாகத் தெரிகிறது. அடுத்து அகலம் போல ஒரு எண், அதன் கீழே ஒரு கிறுக்கல்.

ரெசின் கை:

அந்தக் கிறுக்கல்தான் ஷேப்பரின் (போர்டைச் செதுக்கியவரின்) கையெழுத்து. ஃபோமைச் செதுக்கி முடித்ததும் அளவை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அந்த போர்டில் முதலில் விழுந்த எழுத்து அது. தயவுசெய்து அதன் பக்கம் சாண்ட்பேப்பரைக் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் வடிவத்துக்கு வருகிறேன். சொல்லை இரண்டு தாளாகப் பிரித்துவிடுங்கள்: ஸ்ட்ரிங்கருக்கு இந்தப் பக்கம் ‘நெய்’, அந்தப் பக்கம் ‘தல்’. முனையருகே போர்டு இரண்டு திசையிலும் வளைவதால் ஒரே அகலத் தாள் சுருங்கும். அந்தச் சுருக்கம் மேடாகி, தேய்க்கும்போது துணி வெளியே வந்துவிடும். படுத்துத் துழாவும்போது நெஞ்சு படும் இடத்துக்கு மேலேயே வையுங்கள், கீழே போனால் வழுக்காமல் இருக்கத் தடவும் மெழுகு மூடிவிடும். தாளின் ஓரத்தைக் கத்தரிக்க வேண்டாம், ஈரம் தொட்டுக் கையால் கிழியுங்கள். பிசிறான நார் ரெசினில் காணாமல் போகும், நேராக வெட்டிய ஓரம் கோடாகத் தெரியும்.

இங்க்ஜெட்டில் எடுப்பதானால் பிக்மென்ட் (நிறமித் துகள்) மை மட்டும். சாய மை ரெசினில் கசியும். கறுப்பே போதும், தாள் மறைந்து தேன் நிறம் பின்னால் வரும்போது அழகாக இருக்கும். உங்களுடையது பழைய பாலியூரிதேன் ஃபோம் என்பதால் பாலியெஸ்டர் ரெசின் சரிப்படும். இதைப் படித்துவிட்டு வேறு யாராவது இபிஎஸ் (தெர்மோகோல் வகை ஃபோம்) போர்டில் முயன்றால் எபாக்ஸிதான், பாலியெஸ்டர் அந்த ஃபோமைக் கரைத்துவிடும். வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள், முகமூடியும் கையுறையும் இல்லாமல் வேண்டாம்.

சில்லு போன இடத்தில் பழைய லோகோவின் மீதி எழுத்துகளை ஊகித்து வரைய வேண்டாம் என்பது என் எண்ணம். ரெசினில் துளி பழுப்பு கலந்து, தெளிவாக மூடுங்கள். மிச்சமிருக்கும் இரண்டு எழுத்தும் அப்படியே இருக்கட்டும்.

ஜீலாங் கடலோரம்:

அப்படியே செய்கிறேன். மகள் இப்போதே இரண்டு தாளையும் வெறும் போர்டின் மேல் வைத்து, எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ‘தல்’ அரை அங்குலம் மேலே போக வேண்டுமாம்.