இம்ப்ரொவைசேஷனுக்குத் தமிழில் என்ன? சனிக்கிழமைக்குள் வேண்டும்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

வணக்கம். இந்தக் கோடை விடுமுறையில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கீபோர்டில் ஜாஸ் சொல்லித்தருகிறேன். பாதிப் பேர் சர்ச்சில் வாசிப்பவர்கள், மீதிப் பேருக்கு மெல்லிசைக் குழுவில் சேர ஆசை. தமிழில் ஒரு கையேடு எழுதிவிட்டேன், சனிக்கிழமை ஜெராக்ஸ் போட வேண்டும். ஸ்கேலுக்குச் சுரவரிசை என்று போட்டாயிற்று. சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்தும் கார்டை அப்படியே விட்டிருக்கிறேன். எழுதி வைக்காமல் அந்த நேரத்திலேயே புதிதாக வாசிக்கும் இம்ப்ரொவைசேஷனுக்குத்தான் சொல் அமையவில்லை. கர்நாடக இசையில் இதற்குச் சொல்லும் மனோதர்மம் என்று எழுதிப் பார்த்தேன். மனசுக்குத் தோன்றியது என்று எடுத்துக்கொண்டு, எந்தக் கார்டு ஓடுகிறது என்றே பார்க்காமல் வாசிக்கிறார்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

தம்பி, சொல் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையைப் பாருங்கள், ஆளத்தி இருக்கிறது. ஒரு பண்ணை விரித்துப் பாடுவதற்குப் பெயர் அது. காட்டாளத்தி, நிறவாளத்தி, பண்ணாளத்தி என்று வகைகூடப் பிரித்திருக்கிறார். பண்ணை ஆள்வதால் ஆளத்தி என்பது என் துணிபு. ஆலாபனை வடசொல், அதைத்தான் தமிழில் ஆளத்தி ஆக்கினோம் என்பவர்களுடன் முப்பது வருஷமாக வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

ஐயா, ஆளத்தியில் ஒரே பண்ணில் நிலைத்து நிற்கிறோம். இங்கே காலடித் தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. கட்டைக் கணக்கில் சொல்கிறேன், ஒரு கட்டை என்பது சி, அதிலிருந்து வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணுங்கள். முதல் கார்டு 2, 4, 6, 1. அடுத்தது 5, 7, 2, 4. கடைசியில் வந்து சேர்வது 1, 3, 5, 7. ஜாஸில் திரும்பத் திரும்ப வரும் வரிசை இது. இடது கையில் கவனித்தால், முதல் மாற்றத்தில் 4 அப்படியே நிற்க 1 மட்டும் 7க்கு இறங்கும். அடுத்த மாற்றத்தில் 7 நிற்க 4 மட்டும் 3க்கு இறங்கும். வலது கை 2 கட்டையில் கரகரப்பிரியா, 5 கட்டையில் அரிகாம்போதி, 1 கட்டையில் சங்கராபரணம் என்று ராகம் மாறிப் போகும். மூன்றுமே வெள்ளைக் கட்டைகள்தான், தொடங்கும் சுரத்தை மாற்றி வேறு பண் எடுக்கும் நம் பண்ணுப்பெயர்த்தல்தான், ஆனால் எந்தச் சுரத்தில் சாய்வது என்பது கார்டுக்குக் கார்டு மாறும். அந்த மாற்றத்தைக் காதில் வாங்கியபடி அந்தக் கணமே புதிதாக வாசிப்பதற்கு ஒரு சொல் வேண்டும்.

லாஸ்பேட்டையிலிருந்து:

நீங்கள் சொல்வது ஆசுகவிதானே! பொருள், அடி, பா, அணி எல்லாம் இன்னொருவர் கொடுப்பார், கொடுத்த உடனே பாட வேண்டும். காளமேகத்துக்கு ஈற்றடி கொடுத்த மாதிரி உங்கள் பிள்ளைகளுக்குக் கார்டு கொடுக்கிறீர்கள். ஆசு வடமொழி, தமிழில் குற்றம் என்று வேறு பொருள் தரும், ஆகவே அது வேண்டாம். ஆசுகவிக்குக் கடும்பா என்றும் பெயர் உண்டு. கடு என்றால் விரைவு, கடுகி வருதல் என்கிறோமே. கடுமிசை என்று வையுங்கள்.

நெல்லித்தோப்பிலிருந்து:

கடுமிசை என்றால் பிள்ளைகள் கடுமையான இசை என்றுதான் படிப்பார்கள். அதைவிட எனக்குக் கார்டு உறுத்துகிறது. ரேஷன் கார்டும் அதுதான், ரயிலில் வரும் கார்டும் அதுதான். நாண் என்று போட்டுவிடாதீர்கள், அது கணக்குப் புத்தகத்தில் வட்டத்துக்கு உள்ளே இருப்பது. எங்கள் வீட்டில் பிரெஞ்சு படித்த பெரியவர்கள் அக்கோர் என்பார்கள், உடன்பாடு என்று பொருள். ஆங்கிலச் சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். நடுவில் வீணை நரம்பைக் குறிக்கும் சொல்லோடு குழம்பி எழுத்து மாறிவிட்டது. அதனால் இசைவு என்பதே சரி, இசையும் அதற்குள் இருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

இசைவு பிடித்திருக்கிறது அம்மா. ஆனால் சர்ச்சிலும் குழுவிலும் யாரும் இசைவு கொடு என்று கேட்கமாட்டார்கள். இந்த முறை கார்டே இருக்கட்டும். புனையிசை எப்படி?

லாஸ்பேட்டையிலிருந்து:

புனையிசை வினைத்தொகை. புனைந்த, புனைகின்ற, புனையும் என மூன்று காலத்துக்கும் விரியும். மூன்று மாதம் உட்கார்ந்து மெட்டமைத்து எழுதி வைத்ததும் புனையிசைதான். நிகழ்காலம் மட்டும் வேண்டிய இடத்தில் அது நிற்காது.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் பாட்டி ஒப்பாரி பாடுவார். மெட்டு பழசு, இழவு வீட்டுக்குப் போனதும் செத்தவர் பேர், ஊர், அவர் விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் அதற்குள் வந்து விழும். அதை இட்டுக்கட்டிப் பாடுவது என்போம். படிக்காதவர்களுக்கும் புரியும். இட்டுக்கட்டு என்று போடுங்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

இட்டுக்கட்டினான் என்றால் பொய் சொன்னான் என்று பொருள். ஒரு கலைக்கு அந்தப் பெயரா? ஒப்பவே முடியாது.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

ஐயா, கதையை இட்டுக்கட்டினால் பொய், பாட்டை இட்டுக்கட்டினால் திறமை. எங்கள் ஊரில் யாரும் இதில் குழம்பியதில்லை.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "இரண்டாவது சுற்றில் நீ இட்டுக்கட்டு" என்றதும் ஒரு பையன் ஏன் என்ன என்று கேட்காமல் வலது கையை எடுத்துவைத்தான், 4ஐ விட்டு 3க்குச் சரியான இடத்தில் இறங்கினான். இட்டுக்கட்டு என்ற வினை கையேட்டில் வந்துவிட்டது. பெயர்ச்சொல்தான் இடிக்கிறது, இட்டுக்கட்டல், இட்டுக்கட்டிசை எதுவும் வாயில் வரவில்லை. தலைப்பில் மட்டும் இம்ப்ரொவைசேஷன் என்றே விடுகிறேன். நெல்லித்தோப்பு அம்மாவும் லாஸ்பேட்டை நண்பரும் இப்போதைக்குச் சரி என்று தனியாக எழுதியிருக்கிறார்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

நான் சரி சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளை காலை கடை திறப்பதற்குள் முன்னுரையில் ஒரு வரியாவது ஆளத்தி பற்றிச் சேர்க்க முடியுமா? வரியை நானே எழுதி அனுப்புகிறேன்.