விட்சர் 3: கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் திக்குகிறது (பழைய ஐ5, தங்கச்சிமடம்)

கரைவலை: தடைக்காலம். படகு கரையில், ஆள் வீட்டில். தள்ளுபடியில் விட்சர் 3 என்ற கணினி விளையாட்டை வாங்கினேன். அண்ணன் விட்டுப்போன கணினி: ஐ5-3470 சிபியு, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, சாதா ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10.

விளையாட்டு பிடித்துவிட்டது. 2015-இல் வந்தது என்று நம்ப முடியவில்லை. முதல் ஊரான ஒயிட் ஆர்ச்சர்டில் காற்று அடித்தால் மரம் மொத்தமும் சாய்கிறது. சும்மா குதிரையில் சுற்றிக்கொண்டே இருக்கலாம். சண்டைதான் பழக வேண்டியிருக்கிறது. பட்டனை மாற்றி மாற்றி அமுக்கினால் செத்துப்போகிறோம், ஒதுங்கிப் பிறகு வெட்ட வேண்டும்.

பிரச்சினை இதுதான். தொடங்கிக் கால் மணி நேரம் 40 எஃப்பிஎஸ் (நொடிக்கு 40 படம்) பக்கம் வருகிறது. அப்புறம் 15-க்கு விழுகிறது, சத்தமும் விட்டுவிட்டு வருகிறது. செட்டிங்ஸ் எல்லாம் லோவில் வைத்தாலும் அதே கதை. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால்தான் பணம் திரும்பும். நான் அந்த 2 மணியை நெருங்கிவிட்டேன். வைத்துக்கொள்ளவா, திருப்பவா?

தொண்டி_கேமர்: கார்டு பத்தாது நண்பா. ஜிடிஎக்ஸ் 1650 போடு. தனி பவர் வயர் இல்லாத மாடல் கிடைக்கும், உன் பழைய பவர் சப்ளையே (எஸ்எம்பிஎஸ்) தாங்கும்.

கீழக்கரை_சர்வீஸ்: தம்பி, கார்டு வாங்க ஓடாதீங்க. இந்த கேம் வந்தப்போ குறைந்தபட்சம் கேட்டது ஐ5-2500கே, ஜிடிஎக்ஸ் 660, 6 ஜிபி ராம். உங்க கார்டு 660-ஐவிடக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். கார்டு பத்தாதென்றால் முதல் நிமிடத்திலிருந்தே திக்கும். கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு விழுகிறதென்றால் சூட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எச்டபிள்யூ இன்ஃபோ என்கிற சாஃப்ட்வேர் போட்டு, விளையாடும்போது சிபியு சூட்டையும் வேகத்தையும் பாருங்க. 3470 சாதாரணமாக 3.2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் நிற்க வேண்டும். சூடு 100 பக்கம் போய், வேகம் 1.6-க்கு இறங்கினால் அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம்.

நம்ம கரையில் இது சகஜம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். அதில் தூசி ஒட்டி, ஹீட்சிங்க் (சிபியு சூட்டை இழுக்கிற உலோகத் துண்டு) இடுக்கெல்லாம் சேறு மாதிரி அடைத்துவிடும். கச்சான் காற்று மாதங்களில் எனக்கு வருகிற கணினிகளில் பாதி இந்தக் கேஸ்தான். ப்ளோயர் அடித்தால் மேல் தூசிதான் போகும், அடியில் ஒட்டினது போகாது. ஹீட்சிங்கைக் கழற்றுங்க, ஃபேனைத் தனியாக எடுத்துவிட்டு உலோகத்தை மட்டும் நல்ல தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவுங்க. உப்புக் கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. முழுக்கக் காய்ந்த பிறகு புது தெர்மல் பேஸ்ட் (சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வைக்கிற பசை), பட்டாணி அளவு போதும். ராமையும் கழற்றி, அதன் தங்க நிற முனைகளை எழுத்து அழிக்கிற ரப்பரால் துடைத்துவிடுங்க.

கரைவலை: காக்கா (அண்ணே), பார்த்தேன். 98 டிகிரி, வேகம் 1.6. நீங்கள் சொன்னது அப்படியே. பேஸ்ட் வாங்க நாளைக்கு ராமநாதபுரம் போகிறேன்.

மண்டபம்77: போய் வருகிறதுக்குள் இன்னொன்று. 2022 டிசம்பரில் வந்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு கேம் தொடங்கும்போது டைரக்ட்எக்ஸ் (கேம் படம் வரைகிற முறை) 11, 12 என்று இரண்டு வழி காட்டும். நீங்கள் 11-ஐ எடுங்கள். 12 நம்ம மாதிரி பழைய பெட்டிக்கு இல்லை. அதிலும் திக்கினால், ஸ்டீமில் கேம் ப்ராபர்டீஸ், பீட்டாஸ் பகுதியில் பழைய 1.32 பதிப்பே இருக்கிறது. ஆனால் நிறைய டவுன்லோட் ஆகும், நெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹேர்வொர்க்ஸ் (முடி அசைவைக் காட்டுகிற செட்டிங்) ஆஃப். நிழல், புல் தெரியும் தூரம் இரண்டையும் லோ. டெக்ஸ்சர் மீடியம்.

கரைவலை: கழுவி, பேஸ்ட் போட்டாயிற்று. இடுக்கில் இருந்தது தூசி இல்லை, கருவாட்டுக் கடை தரை. இப்போது நெடுநேரம் ஆடியும் சூடு 72-ஐத் தாண்டவில்லை. டைரக்ட்எக்ஸ் 11-இல் 40 எஃப்பிஎஸ்ஸுக்குக் குறையாமல் போகிறது. கிரிஃபின் என்ற பறக்கும் மிருகத்தோடு போடுகிற சண்டையில் தீ மந்திரம் போட்டால் மட்டும் 33 வரை இறங்குகிறது. அந்தச் சண்டையை முடித்துவிட்டேன், பணத்தைத் திருப்பவில்லை.

மண்டபம்77: நல்லது. பின்னால் வருகிற நோவிகிராட் பெரிய நகரம், கூட்டம் அதிகம், சிபியுவுக்கு வேலை ஜாஸ்தி. அங்கே பின்னணி ஆட்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். மேக்ஸிமம் எஃப்பிஎஸ்ஸை 30-இல் கட்டிவிடுங்கள். ஏறி இறங்கும் 40-ஐவிட நிலையான 30 கண்ணுக்கு நல்லது. தொண்டிக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

தொண்டி_கேமர்: ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 30 எல்லாம் ஸ்லைடு ஷோ.

ஏர்வாடி_புதுசு: அண்ணே, என்னிடம் இதே சிபியு, இதே கார்டு, ஆனால் ராம் 4 ஜிபி. ஓடுமா?

கீழக்கரை_சர்வீஸ்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. ஹார்ட் டிஸ்க்கில் மாற்றி மாற்றி எழுதி உயிரை எடுக்கும். பழைய டிடிஆர்3 ராம் 4 ஜிபி இன்னொன்று சேருங்க, செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். வாங்கும்போதே முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்க. பூத்திருந்தால் அது எந்த விலைக்கும் வேண்டாம்.