பழநி நடைப்பயணத்தில் மனசை விட்டுப் போகாத ஒரு ஆள்: உங்கள் அனுபவம்?

ஈரோட்டுக்காரன்:
ஊதியூர் தாண்டி இரண்டாம் நாள் ராத்திரி. கொப்புளம் உடைந்துவிட்டது. கூட வந்தவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ஆத்தா ஒருவர், நான் கேட்காமலே ஒரு போசியில் வெந்நீர் கொண்டுவந்து கல்லுப்பைப் போட்டார். காலை இழுத்துக்கொண்டேன். "மாலை போட்ட காலுங்க சாமி, சும்மா இருங்க" என்று குனிந்து, விரல் இடுக்கில் இருந்த மண்ணைக்கூட விடாமல் கழுவி, முந்தானையால் துடைத்தார்.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "மலைக்குப் போனா எம்பையன் பேருக்கு ஒரு வெளக்குப் போட்ருங்க." பேரும் சொன்னார். யானைப்பாதை ஏறி, தரிசனம் முடித்து, திரும்பும் பஸ் தாராபுரம் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. பேரும் மறந்துபோச்சு. நாலு வருஷம் ஆகிறது.

களத்துமேடு:
நான் காங்கேயம் பக்கம் அன்னதானப் பந்தலில் தக்காளிச் சாதம் போட்டேன். தேங்காய்க் களத்தில் வேலை பார்க்கும் வடநாட்டுப் பையன் மூன்றாவது தரம் தட்டை நீட்டினான். "நடந்து போற சாமிகளுக்குப்பா" என்றேன். பாஷை புரிந்திருக்காது, ஆனால் என் முகம் புரிந்திருக்கும். தட்டைத் துடைத்து, அடுக்கின் மேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனான்.

சென்னிமலை அடிவாரம்:
களத்துமேடு அண்ணா, கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் செய்தது தப்புதான். 1867இல் வடலூரில் வள்ளலார் தருமசாலை தொடங்கியபோது யாரிடமும் சாதியோ ஊரோ கேட்கவில்லை. பசிதான் கணக்கு. முருகன் பேரில் உலை வைத்துவிட்டு மாலை போட்டிருக்கிறானா என்று பார்ப்பது எப்படிச் சரி? நானும் ஒரு பாட்டியிடம் மோர் தீர்ந்துவிட்டது என்று சொன்னவன்தான். திரும்பிப் பார்த்தால் டிரம்மில் பாதி இருந்தது.

பந்தல் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் கொஞ்சமாகப் போடுங்கள், மறுபடி கேட்டால் மறுபடி போடுங்கள். வீணாகாது. பரிமாறுகிறவரை இரண்டு மணிக்கொரு தரம் மாற்றிவிடுங்கள், களைத்த ஆள்தான் எரிந்து விழுவார். தண்ணீர் டிரம்மை ரோட்டில் சாமிகள் நடந்து வரும் பக்கமே வையுங்கள், ராத்திரியில் லாரி வருவது தெரியாது. அப்புறம் ஈரோட்டு அண்ணா, கொப்புளத்தை உடைக்கவே கூடாது, சாக்ஸ் போட்டு நடங்கள்.

களத்துமேடு:
தப்பில்லை என்று நான் எங்கே சொன்னேன் தம்பி? அதனால்தானே எழுதினேன்.

ஈரோட்டுக்காரன்:
சாக்ஸ் சரிங்க. இந்தத் தைக்கு அந்த வீட்டில் நின்று பேரைக் கேட்டுக்கொண்டுதான் போகப்போகிறேன். வாசலில் வேப்பமரம், ஓட்டு வீடு. ஊதியூர்ப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருக்கிறீர்களா?