இரண்டு அரங்கிலும் துரத்தும் ஒரே கேள்வி: "இரண்டும் ஒரே பொருள்தானா?"

சொல்வலை மாநாடு, இருமொழிக் குழந்தைகள் பற்றிய மாநாடு: இந்த இரண்டு அரங்குக்கும் கட்டுரை கொண்டுபோகிறவர்களுக்கான குறிப்பு இது. சொல்வலை (வேர்ட்நெட்) என்பது சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து இணைக்கும் தரவுத்தளம். ஒரே பொருள் தரும் சொற்களின் தொகுதிதான் 'சின்செட்', வலையில் அது ஒரு முனை. சொல்வலை பற்றிய கட்டுரையோடு மேடையேறுபவரிடம் "எத்தனை சின்செட் முடித்திருக்கிறீர்கள்" என்று கேட்பவர்கள் குறைவு. ஆங்கிலத்துக்கான பிரின்ஸ்டன் வேர்ட்நெட் 3.0இல் 1,17,659 சின்செட் இருக்கிறது. அந்த எண்ணோடு யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. கேள்வி நேரத்தைத் தின்றுவிடுவது வேறொன்று: "உங்கள் சொல்லை ஆங்கில முனையோடு என்ன உறவில் கட்டினீர்கள்?"

'சமம்' என்ற ஒரே உறவை வைத்துக்கொண்டு போனால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். சித்தி, பெரியம்மா, அத்தை மூன்றையும் ஆங்கில 'ஆன்ட்' (aunt) முனையில் கொட்டினால், மூன்றும் ஒருபொருட்சொற்கள் என்று சொன்னதாக ஆகிவிடும். தமிழ் தெரிந்த எவரும் ஒப்பமாட்டார். இதில் அத்தை மட்டுமே தனியாக மூன்று பொருளாகப் பிரியும்: அப்பாவின் உடன்பிறந்தவள், மாமாவின் மனைவி, மாமியார். கடைசிப் பொருளுக்கு 'ஆன்ட்' பக்கமே போகக்கூடாது.

ஐரோப்பிய மொழிகளுக்காக 1996 முதல் 1999 வரை நடந்த யூரோவேர்ட்நெட் திட்டம் இதற்காகவே சமம், கிட்டத்தட்டச் சமம், மறுபக்கத்தில் விரிந்த மேற்பொருள் மட்டும் உண்டு, குறுகிய கீழ்ப்பொருள் மட்டும் உண்டு என்று உறவுகளைப் பிரித்து வைத்தது. இந்திய மொழிகளுக்கான இந்தோவேர்ட்நெட்டிலும் நேரிணைப்பு, மேற்பொருள் இணைப்பு என்று உண்டு. சித்திக்கும் பெரியம்மாவுக்கும் தனித்தனி சின்செட் போட்டு, இரண்டிலிருந்தும் 'ஆன்ட்'டுக்கு மேற்பொருள் இணைப்புக் கொடுப்பதுதான் முறை. கட்டுரையில் ஒரு சிறு அட்டவணை வேண்டும்: மொத்த இணைப்பில் நேரிணைப்பு எத்தனை, மேற்பொருள் இணைப்பு எத்தனை, இணைப்பே இல்லாமல் நிற்பவை எத்தனை. மூன்றாவது எண் பூஜ்யம் என்று எழுதினால் மதிப்பீட்டாளருக்குச் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். ஆங்கிலச் சின்செட்டை எடுத்துவைத்து ஒவ்வொன்றாக மொழிபெயர்த்த வலையில்தான் அப்படி ஒரு பூஜ்யம் கிடைக்கும்.

இன்னொரு பொறி, பதிப்பு எண். பிரின்ஸ்டன் கோப்பில் இருக்கும் எட்டு இலக்க எண், அந்த வரி கோப்பில் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதைக் குறிக்கிறது. பதிப்பு மாறினால் எண்ணும் மாறும். 3.0இல் 'நாய்'க்கான 02084071, 3.1இல் அதே இடத்தில் இராது. பழைய பதிப்பின் எண்களை 3.0 கோப்போடு பொருத்தினால் பிழைச்செய்தி எதுவும் வராமலேயே தவறான முனையில் போய் உட்காரலாம். எந்தப் பதிப்பு என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

*

இருமொழிக் குழந்தைகள் பற்றிய மாநாட்டிலும் இதே கேள்விதான், உடுப்பு மட்டும் வேறு.

அங்கே பெரும்பாலான வேலை பெற்றோர் நிரப்பும் சொற்பட்டியலில் தொடங்குகிறது. அவற்றில் ஒன்றான மெக்கார்தர்-பேட்ஸ் பட்டியலின் ஆங்கில மூலத்தில் 8 முதல் 18 மாதக் குழந்தைக்கு 396 சொற்கள், 16 முதல் 30 மாதத்துக்கு 680. இரண்டு மொழிக்கும் ஒவ்வொரு பட்டியல் நிரப்பியதும் இரண்டு விதமாகக் கூட்டுவார்கள். ஒரு குழந்தைக்குத் தமிழில் 120 சொல், ஆங்கிலத்தில் 90, இரண்டு மொழியிலும் ஒரே பொருளுக்குச் சொல் இருக்கும் இணைகள் 50 என்று வையுங்கள். மொத்தச் சொல்வளம் 210. ஓர் இணையை ஒன்றாக மட்டும் எண்ணினால் கிடைக்கும் கருத்துச் சொல்வளம் 160. இந்த இரண்டாவது அளவை பியர்சன், பெர்னாண்டஸ், ஓலர் மூவரும் 1993இல் பயன்படுத்திக் காட்டிய பிறகு, இது இல்லாத கட்டுரை அரைகுறையாகத்தான் பார்க்கப்படுகிறது.

இனிமேல்தான் வினை. அந்த 50 இணையை யார் தீர்மானித்தது? குழந்தைக்குச் சித்தியும் அத்தையும் தெரியும், ஆங்கிலப் பட்டியலில் 'ஆன்ட்'டிலும் குறி இருக்கிறது. இது ஒரு கருத்தா, இரண்டா, மூன்றா? இப்படி 12 இணைகளை ஒருவர் ஏற்காமல் விட்டால் இணை 38 ஆகும், கருத்துச் சொல்வளம் 172க்கு ஏறும். குழந்தை ஒரு சொல்கூடப் புதிதாகப் பேசவில்லை. விதி மட்டும்தான் மாறியது. ஆகவே விதியைத் தரவு திரட்டும் முன்பே எழுதி வையுங்கள். கடுமையான விதி, தளர்வான விதி இரண்டிலும் கணக்குப் போட்டு இரண்டு எண்ணையும் போஸ்டரில் போடுங்கள். முடிவு இரண்டிலும் ஒரே பக்கம் சாய்ந்தால் கேட்பவர் அமைதியாகிவிடுவார். சாயாவிட்டால் அதுவே கட்டுரையின் முக்கியமான செய்தி, மறைக்கவேண்டியதில்லை.

பட்டியலை அப்படியே மொழிபெயர்த்துப் பயன்படுத்துவது பெருந்தவறு. அதை உருவாக்கியவர்களே தழுவல் வேண்டும், மொழிபெயர்ப்புக் கூடாது என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்அனுமதியும் வாங்கவேண்டும்.

*

மேலே சொன்னதோடு கடன்சொல்லையும் சேர்க்கவேண்டும். தமிழ்ப் பட்டியலில் 'பேருந்து' என்று அச்சடித்துவிட்டு, பெற்றோர் குறி வைக்கவில்லை, குழந்தைக்குத் தெரியாது என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கிறது. வீட்டில் 'பஸ்' என்றுதான் பேச்சு. பேருந்தும் பஸ்ஸும் ஒரே சின்செட்டில் இருக்கவேண்டியவை. ஆகவே உருப்படியை 'பஸ் / பேருந்து' என்று அச்சடித்து, எதைச் சொன்னாலும் ஏற்கவேண்டும். ஆங்கிலப் பட்டியலிலும் அதே ஒலிக்குக் குறி விழும். மொத்தக் கணக்கில் இரண்டு, கருத்துக் கணக்கில் ஒன்று. ஆனால் இந்த ஒலியொத்த இணைகளைத் தனி வரியாகவும் காட்டுங்கள். அவற்றைக் குழந்தை ஒரே தடவையில் கற்றுக்கொண்டிருக்கலாம். 'பால், மில்க்' போன்ற இணையோடு அதைக் கலப்பது நியாயமில்லை.

வடிவம் ஒன்றாக இருந்து பொருள் நழுவுவதும் உண்டு. தமிழ்ப் பேச்சில் 'ஆன்ட்டி' உறவுக்காரியே அல்ல, பெரும்பாலும் அயலார் ஒருவர். ஒலியைப் பார்த்து இணை சேர்க்கும் நிரல் இதில் ஏமாறும்.

வினைச்சொல் இன்னும் மோசம். 'போடு' என்று பட்டியலில் ஒரே சொல்லாக வைத்தால், தாய் நினைப்பது சட்டை போடுவதா, கீழே போடுவதா, பாட்டுப் போடுவதா? ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் வேறு வினை. 'சாப்பிடு'வும் அப்படித்தான், மாத்திரையும் சாப்பிடுகிறோம். அடைப்புக்குள் ஒரு சிறு தொடர் கொடுத்தால் போதும்: போடு (சட்டை போடு). சொல்வலைக்காரர்கள் விளக்கத்தோடு எடுத்துக்காட்டு வாக்கியம் சேர்க்கும் பழக்கத்தை இங்கே அப்படியே கடன் வாங்கலாம். இரு தரப்பும் ஒருவர் கட்டுரையை ஒருவர் படிப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

*

உடன்பாட்டு அளவு பற்றி ஒரு குறிப்பு. இணையா இல்லையா என்று இருவர் தனித்தனியே 100 உருப்படியைக் குறித்து, 90இல் ஒத்துப்போனார்கள் என்றால் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் இருவருமே 90 உருப்படிக்கு 'ஆம்' என்று போட்டிருந்தால், தற்செயலாகவே 82 ஒத்துப்போகும். தற்செயல் உடன்பாட்டைக் கழித்துப் பார்க்கும் அளவான கோஹன் கப்பா (0.90 − 0.82) ÷ 0.18, அதாவது 0.44. அரங்கில் யாராவது இதை மனக்கணக்காகப் போட்டுக் கேட்பார். சதவீதம், கப்பா, இருவர் தீர்ப்பின் நான்கு கட்ட அட்டவணை மூன்றையும் தந்துவிட்டால் தொல்லை இல்லை. குழப்பமான உருப்படிகளை மட்டும் பொறுக்கி இன்னொரு சுற்றுப் பார்ப்பது நல்லது. எளியவை கூட்டத்தை நிரப்பினால் எண் எதையும் சொல்லாது.

*

இனி மொழிப் பங்கு, அதாவது குழந்தை கேட்கும் பேச்சில் ஒவ்வொரு மொழியும் எவ்வளவு என்பது. "வீட்டில் தமிழ் 60 சதவீதம்" என்று பெற்றோரின் உத்தேசத்தை எழுதினால், எப்படித் தெரியும் என்ற கேள்வி உறுதி. விழித்திருக்கும் நேரத்தைக் கட்டம் கட்டமாகக் கேட்கவேண்டும்: நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 84. யார் கூட இருந்தார், எந்த மொழியில் பேசினார் என்று நிரப்புங்கள். தமிழ் 50 மணி வந்தால் அது ஏறக்குறைய 60 சதவீதம். இருவர் இரு மொழியில் ஒரே நேரத்தில் பேசும் மணிகளை இரண்டு பக்கமும் முழுதாகப் போட்டால் கூட்டல் 84ஐத் தாண்டும், பாதிப்பாதியாகப் பிரியுங்கள். தொலைக்காட்சி நேரத்தைச் சேர்த்தீர்களா இல்லையா என்பதையும் எழுதுங்கள். ஒரு மொழியின் பங்கு 20 அல்லது 25 சதவீதத்துக்குக் கீழே போனால் பல ஆய்வுகள் அந்தக் குழந்தையைச் சேர்ப்பதில்லை. எல்லை எதுவானாலும் முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும்.

இரண்டு பட்டியலையும் ஒரே பெற்றோர் நிரப்பினால் பலவீனமான மொழி குறைத்துப் பதிவாகலாம். அந்தந்த மொழியில் குழந்தையோடு பேசுபவரே நிரப்பட்டும். இரண்டுக்கும் நடுவே சில வாரம் இடைவெளி விடக்கூடாது, இந்த வயதில் சொல் வேகமாகப் பெருகும்.

*

எங்கே அனுப்புவது என்பவர்களுக்கு. சொல்வலைக்கென்றே உள்ளது உலகச் சொல்வலை மாநாடு. முதலாவது 2002இல் மைசூரில் நடந்தது, 2010இல் மும்பை, 2018இல் சிங்கப்பூர், 2023இல் ஸ்பெயினின் டோனோஸ்தியா, 2025இல் இத்தாலியின் பாவியா. மொழிவளம் என்று விரிந்த பார்வை இருந்தால் 1998இல் ஸ்பெயினின் கிரனாடாவில் தொடங்கிய எல்ரெக் (LREC) என்ற மொழிவள மாநாடு. குழந்தை மொழிக்கு பாஸ்டன் பல்கலைக்கழக மாநாடு 1976 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. இருமொழியத்துக்கான பன்னாட்டுக் கருத்தரங்கு 1997இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் தொடங்கியது. இரு தரப்பும் ஒரு கட்டுரையைக் கேட்பது வேறு வேறு விதமாக: முதல் வகையில் முழுக் கட்டுரையே மதிப்பீட்டுக்குப் போகும், தரவின் உரிமம் பற்றிக் கேட்பார்கள். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தை வைத்துக்கொண்டு 'திறந்த வளம்' என்று எழுதினால் எதிர்க்கேள்வி வரும். இரண்டாவது வகையில் பெரும்பாலும் ஆய்வுச்சுருக்கம் மட்டுமே. குழந்தைகளின் எண்ணிக்கை, வயது வரம்பு, மொழிப் பங்கு மூன்றும் அதற்குள்ளேயே இருக்கவேண்டும்.

தமிழ் எழுத்து அச்சாவது தனிப் பாடு. மாநாட்டு வார்ப்புருவைப் பழைய அச்சுக்கோப்பு நிரலான பிடிஎஃப்-லேட்டெக்கில் (pdfLaTeX) ஓட்டினால் தமிழ் வராது. அதன் புதிய வடிவங்களான சீலேட்டெக் (XeLaTeX) அல்லது லுவாலேட்டெக்கில் (LuaLaTeX) நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவை ஏற்றுங்கள். 'கொ' என்பதில் கொம்பு 'க'வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றால் எழுத்துரு ஏறியும் வடிவமைப்பு வேலை செய்யவில்லை என்று பொருள். எடுத்துக்காட்டை மூன்று வரியாகத் தாருங்கள்: தமிழ் வரி, உறுப்புக்கு உறுப்பு விளக்கம், பெயர்ப்பு. போஸ்டர் ஏ0 என்றால் 841 × 1189 மில்லிமீட்டர். பலகை நெடுக்கா, கிடக்கையா என்று கேட்காமல் அச்சடிக்காதீர்கள்.

குழந்தையின் குரலை அரங்கில் ஒலிக்கவிட நினைத்தால், பகுப்பாய்வுக்கு வாங்கிய ஒப்புதல் அதற்குப் போதாது. படிவத்தில் தனிக் கட்டம் வேண்டும்: எழுத்துப்படி, ஒலி, காணொலி என்று தனித்தனியே. ஒலித்துண்டில் குழந்தையின் பெயரை யாராவது கூப்பிட்டிருந்தால் அந்த இடத்தை அழித்துவிட்டு, மறுபடி ஒருமுறை காதொலிப்பானில் கேட்டுப் பாருங்கள். பின்னால் தொலைக்காட்சி ஓடும்போது இரண்டாவது தடவை கூப்பிட்டது பெரும்பாலும் தப்பிவிடும்.